பதில்: செந்தூல் (மலேசியா) – பள்ளிக்குப் போகாத படிவம் 2 (இடைநிலைப்பள்ளி) மாணவன்

வணக்கம் சகோதரி. கையில் காசில்லாததால் அக்காள் மகன் மட்டம் போடுகிறான், அக்கா தனியாளாகத் துப்புரவு வேலை செய்கிறார் என்கிறீர்கள். மட்டம் போட்டதற்குப் பள்ளியின் எச்சரிக்கைக் கடிதங்கள் சேருமுன் அக்காவே பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் பார்க்கட்டும். ஆர்.எம்.டி. இலவச உணவு தொடக்கப்பள்ளித் திட்டம்; இங்கே கேட்கவேண்டியது கே.டபிள்யூ.ஏ.பி.எம். எனும் ஏழை மாணவர் நிதி.

அதோடு சமூகநல இலாகாவில் குழந்தைகள் உதவித்தொகைக்கு மனு செய்யுங்கள். மைகார்டு (அடையாள அட்டை), பிள்ளைகள் எல்லோருடைய பிறப்புப் பத்திரம், வங்கிக் கணக்கு விவரம், வருமானச் சான்று வேண்டும். பெரும்பாலும் சிக்குவது இந்தக் கடைசியில்தான். நாள்கூலிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. முதலாளியிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். வீடு மாறியிருந்தால் இப்போதைய முகவரியைத் தெளிவாக எழுதுங்கள். மைகார்டில் பழைய முகவரி இருந்தால், விசாரிக்க வரும் அதிகாரி அங்கே போய்த் திரும்பிவிடுவார், மனு கிடப்பில் கிடக்கும். அக்காவால் நேரில் போக முடியாவிட்டால், தாலியான் காசே (Talian Kasih) எனும் அரசு உதவித் தொலைபேசி எண் 15999-க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பையனைத் திட்டாதீர்கள், பாவம்.