ஏஐ ஏஜென்ட்டுக்கான கருவிக் குறிப்பு

கேள்வி: இணையதளச் சான்றிதழ்களின் வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டிலிருந்து மெர்க்கிள் சான்றை (ஒரு சான்றிதழ் பதிவேட்டின் ஹாஷ் மரத்தில் இருப்பதைக் காட்டும் ஹாஷ்களின் வரிசை; ஹாஷ் என்பது தரவிலிருந்து கணக்கிடும் நிலையான நீளக் குறியீடு) எடுத்துத் தரும் கருவி செய்திருக்கிறோம். ஏஐ ஏஜென்ட் பயன்படுத்த, அதன் விளக்கத்தில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

பதில்: ஊகிக்க இடம் வைத்தால் ஏஜென்ட் ஊகித்துவிடும்! இப்பதிவேடுகளை விவரிக்கும் ஆவணமான ஆர்எஃப்சி 6962-இன்படி உள்ளீடு இரண்டு: இலையின் (ஒரு சான்றிதழுக்கான மரப் பதிவின்) ஹாஷ், மரத்தின் அளவு (இலைகளின் எண்ணிக்கை). சறுக்கல் பெரும்பாலும் முதலாவதில்தான். சான்றிதழை மட்டும் ஹாஷ் செய்த எஸ்ஹெச்ஏ-256 கைரேகை வேறு, இலை ஹாஷ் வேறு. நேரமுத்திரையும் அடங்கிய இலைப் பதிவின் முன்னால் 00 என்ற ஒரு பைட்டைச் சேர்த்துக் கணக்கிடுவதே இலை ஹாஷ். இலைகளுக்கு மேலே அவற்றை இணைக்கும் உள்கணுக்களுக்கு 01. இதை ஒரு முழு உதாரணத்தோடு காட்டுங்கள்.

ஹாஷை பேஸ்64-இல் (பைட்டுகளை எழுத்துகளாக எழுதும் முறை) அனுப்பும்போது அதிலுள்ள கூட்டல் குறி, முகவரியில் இடைவெளியாகப் படிக்கப்படலாம். சதவீதக் குறியாக்கம் (+ என்பதை %2B என எழுதுவது) கட்டாயம் என்று எழுதுங்கள். மர அளவு, பதிவேடு கையொப்பமிட்டு வெளியிட்ட மரத் தலைப்பிலிருந்தே (மர அளவும் வேர் ஹாஷும் அடங்கியது) வர வேண்டும்.

‘கிடைக்கவில்லை’ என்பதும் ‘சான்று தவறு’ என்பதும் தனித்தனிப் பிழைகள். புதிய சான்றிதழ் மரத்தில் சேர 24 மணி நேரம் வரை ஆகலாம். அதனால் ‘கிடைக்கவில்லை’ என்று வந்தால் காத்திருந்து மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.

10 லட்சம் இலைகளுள்ள மரத்துக்குச் சான்றில் அதிகபட்சம் 20 ஹாஷ், அதாவது 640 பைட்தான் வரும். சிறியதுதானே என்று சரிபார்ப்பை மொழி மாதிரியிடம் விடாதீர்கள். மரத்தின் உச்சியிலுள்ள வேர் ஹாஷைக் கணக்கிடுவதும், மரத் தலைப்பின் கையொப்பத்தைச் சோதிப்பதும் நிரலின் வேலை. ஏஜென்ட்டுக்கு முடிவு மட்டும் போதும்.