மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு: கத்திரிக்கு முன்பே முடித்துவிடுங்கள்

கேள்வி: பெரம்பூரில் மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கிறோம். வெயில் காலத்தில் ராத்திரி பதினோரு மணிக்கும் மேலே அனலடிக்கிறது. ஏசி விடிய விடிய ஓடுகிறது. மாடியில் வெள்ளை பெயின்ட் அடித்தால் கரண்ட் பில் குறையுமா?

பதில்: குறையும். மேல்தளம் என்பதால் உங்களுக்குத்தான் அதன் பலன் முழுசாகக் கிடைக்கும். கீழ் வீடுகளுக்குப் பெரிதாகத் தெரியாது.

பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட், அந்தச் சூட்டை மெதுவாகத்தான் கீழே இறக்கும். மதியத்தைவிடப் படுக்கும் நேரத்தில் புழுங்குவது அதனால்தான். ஃபேன் போட்டாலும் மேலே இருக்கும் சூடான காற்றுதான் இறங்கும். கறுத்துப்போன தளம் வெயிலில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். தரமான வெள்ளைப் பூச்சோ, புதிதில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். புழுக்கத்திலுள்ள ஈரப்பதத்தை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

கடையில் பளபளக்கும் அலுமினிய பெயின்டைக் காட்டினால் வாங்காதீர்கள். அது வெயிலைத் திருப்பினாலும், ஏறிய சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. வெயிலைத் திருப்பி, ஏறிய சூட்டையும் வெளியே விடும் திறனைக் காட்டுவது எஸ்ஆர்ஐ (SRI) எண். டப்பாவில் அது 100-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பருவமழை ஓய்ந்து தளம் நன்றாகக் காய்ந்த பிறகு, பிப்ரவரி, மார்ச்சில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். விரிசல், ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஈரத்தின் மேல் அடித்த பூச்சு உரிந்துதான் வரும். பாசியைத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, ப்ரைமர், அப்புறம் இரண்டு கோட். தளம் சுடுவதற்கு முன், காலையிலேயே அடிக்கச் சொல்லுங்கள்.

கையில் பணம் குறைவா? சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு கோடைக்குத் தாங்கும். மழைநீர் சேகரிப்புக் குழாய் இருந்தால், சுண்ணாம்பு கரைந்து வரும் முதல் மழைத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

பலரும் பெயின்ட் அடித்ததோடு மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். சென்னைத் தூசி படிந்தால் வெள்ளை பழுப்பாகிவிடும், பலனும் குறைந்துவிடும். வருடா வருடம் கோடைக்கு முன் ஒருமுறை கழுவுங்கள். ஈரத்தில் வழுக்கும், கவனம்.

இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும். அந்த எல்லையில் இருக்கும் வீடு என்றால் கொஞ்சம் யூனிட் குறைந்தாலே பில்லில் நன்றாகத் தெரியும். போன வருட மே, ஜூன் மாத யூனிட்டை இப்போதே குறித்து வையுங்கள். ஒப்பிடும்போது ரூபாயைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள்.