கேமரா அக்காவைக் கேளுங்கள்

கேள்வி: அக்கா, நான் கல்லூரியில் படிக்கிறேன். நானும் மூன்று தோழிகளும் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பைத்தியங்கள். வரும் டிசம்பர் 25 அன்று மணாலிப் பனியில், கிறிஸ்துமஸ் தீமில் காஸ்ப்ளே (கதாபாத்திர வேஷம்) போட்டோஷூட் எடுக்கத் திட்டம். நான் ‘டீமன் ஸ்லேயர்’ அனிமேயில் வரும் நெசுகோ, ஒருத்தி அவள் அண்ணன் தஞ்சிரோ, மற்ற இருவரும் இன்னும் யோசிக்கிறார்கள். எல்லோருக்கும் சான்டா குல்லா வாங்கியாகிவிட்டது. வேறு என்ன தயார் செய்யணும்?
- வாசகி, ஆர்.கே.புரம், புதுடெல்லி

பதில்: முதலில் தேதியை மாற்றும்மா. மணாலி ஊர் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று அங்கே பனி இருக்கலாம், வெறும் சேறும் இருக்கலாம். ஜனவரி பிற்பாதி, பிப்ரவரி என்றால் வாய்ப்பு அதிகம். டிசம்பரில் பனி கொட்டினாலும் கூட்டம் கழுத்தை நெரிக்கும். 2024-இல் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, மணாலிக்கு மேலே இருக்கும் சோலங்குக்கும் அடல் சுரங்கப்பாதைக்கும் நடுவே நூற்றுக்கணக்கான வண்டிகள் மாட்டிக்கொண்டன. விக்கும் கிமோனோவுமாக ராத்திரி முழுக்கக் காரில் உட்கார வேண்டுமா? போட்டோவில் தேதி தெரியாது. பரீட்சை முடிந்து போங்கள், ஜனவரி 26-ஐ ஒட்டிய விடுமுறையை மட்டும் விட்டுவிடுங்கள். டெல்லி கஷ்மீரி கேட் பஸ் நிலையத்திலிருந்து ராத்திரி வால்வோ பஸ் ஏறினால் காலையில் மணாலி. அங்கே ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், வானிலை நம் பேச்சைக் கேட்காது.

அடுத்து அந்தக் குல்லா. தயவுசெய்து வீட்டிலேயே வையுங்கள். நெசுகோவின் இடுப்புப் பட்டையே சிவப்பு வெள்ளைக் கட்டம். தஞ்சிரோவின் மேலங்கி பச்சை கறுப்புக் கட்டம். கிறிஸ்துமஸ் நிறம் வேஷத்திலேயே இருக்கிறது, மேலே குல்லாவைப் போட்டால் மால் வாசலில் மிட்டாய் கொடுக்கிறவர் மாதிரி ஆகிவிடும். அந்தக் கதையே பனிமலையில் தொடங்குவதுதானே, பனி அவர்களுக்கு ஒட்டவைத்த பின்னணி இல்லை. கதை நடப்பது ஜப்பானின் தைஷோ காலம், 1912 முதல் 1926 வரை. அதனால் கையில் மினுமினுக்கும் பிளாஸ்டிக் மரம் வேண்டாம், ஒரு பழைய லாந்தர் போதும். யோசித்துக்கொண்டிருக்கும் இருவரும் இந்தக் காலத்துப் பள்ளிச் சீருடைக் கதாபாத்திரங்களை எடுத்துக்கொள்ளட்டும். அவர்களுக்கு ஜப்பானியக் கிறிஸ்துமஸையே கொடுத்துவிடலாம்: வெள்ளை க்ரீம் தடவிய ஸ்ட்ராபெர்ரி கேக், ஒரு பக்கெட் பொரித்த கோழி. அங்கே கிறிஸ்துமஸ் அரசு விடுமுறைகூட இல்லை, ஆனால் இந்த இரண்டும் இல்லாமல் பண்டிகை நகராது. ஸ்ட்ராபெர்ரி நம் ஊர் மார்க்கெட்டிலேயே குளிர்காலத்தில் கிடைக்கும். குளிரில் க்ரீமும் உருகாது.

கிமோனோ கட்டும்போது இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு உடுத்தும் முறை. செல்ஃபி கேமராவில் பார்த்துச் சரிசெய்யாதீர்கள், அது இடம் வலத்தை மாற்றிக் காட்டும். எல்லா ஊர்க் காஸ்ப்ளே படங்களிலும் இந்தத் தப்பு கண்ணில் படுகிறது, எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உள்ளே இரண்டு அடுக்குத் தெர்மல் போடுங்கள், கழுத்து நன்கு இறங்கியதாகப் பார்த்து. நெசுகோவின் கால் திறந்திருக்கும் என்பதற்காக நீ நிஜமாகவே திறந்துகொண்டு நிற்காதே. உள்ளே கம்பளி வைத்த தோல் நிற லெக்கிங்ஸ் சரோஜினி நகர் மார்க்கெட்டில் கிடைக்கும். நெசுகோ வாயில் வைத்திருக்கும் மூங்கிலை ஃபோமில் செய், ஒவ்வொரு படத்துக்கும் நடுவே கழற்று, எச்சில் பட்டு ஈரமானால் குளிரில் உதடு வெடிக்கும். கண்ணில் போடும் நிற லென்ஸ் வேண்டாம். வறண்ட குளிர்காற்றில் கண் கரிக்கும், கண் நிறத்தை எடிட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். விக் முடி உடம்போடு ஒட்டிக்கொண்டு பறக்கும். துணி அலசும் கண்டிஷனரைத் தண்ணீரில் கலந்து லேசாகத் தெளித்தால் அடங்கும். க்ளூ கன் ஒட்டு குளிரில் பட்டென்று விட்டுவிடும் என்பதால் ரப்பர் பசைதான் நல்லது. தஞ்சிரோவின் கத்தி மரத்திலோ ஃபோமிலோ இருக்கட்டும். இரும்பில் செய்தால் வழியில் போலீஸுக்குப் பதில் சொல்லி மாளாது.

இனி என் வேலைக்கு வருகிறேன். பனியைக் கண்டால் கேமரா மிரண்டு, எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) ப்ளஸ் 1-லிருந்து ப்ளஸ் 2-க்குள் ஏற்றுங்கள். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டர் பலகையைத் தூக்க வேண்டாம், தரையே வெளிச்சத்தை முகத்தில் அடிக்கும். பனி விழும்போது ஷட்டர் வேகத்தை 1/500 நொடி வைத்தால் துகள்கள் அந்தரத்தில் நிற்கும், 1/60 என்றால் கோடாக இறங்கும். ஃப்ளாஷ் அடித்தால் லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் துகள் வெள்ளை வெள்ளையாக முகத்தை மறைக்கும். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், உபரி பேட்டரி சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும். ரூமுக்குள் போகும் முன்பே கேமராவைப் பையில் போட்டு இறுக மூடுங்கள். சூடு ஏறும் வரை திறக்காதீர்கள், திறந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

நல்ல படம் விழுகிற நேரம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிய அரை மணிதான். பனி நீலமாகும். அப்போது டெல்லி பகீரத் பேலஸ் விளக்குச் சந்தையில் வாங்கிய மஞ்சள் சீரியல் லைட்டை பவர்பேங்கில் போட்டு, பள்ளிச் சீருடைக்காரிகளின் கழுத்திலோ கேக்கைச் சுற்றியோ விடுங்கள். அந்த நீலத்துக்கும் மஞ்சளுக்கும் ஈடு எந்த ஃபில்டரிலும் இல்லை.

கேள்வி: மலைக்குப் போகக் காசில்லை. டெல்லியிலேயே பனி செட் போட முடியுமா?
- வாசகர், முனிர்கா

பதில்: கல்யாண அலங்காரக்காரர்களிடம் சோப்பு நுரை கக்கும் மெஷின் வாடகைக்குக் கிடைக்கும். மொட்டை மாடியில், ராத்திரியில், பின்னாலிருந்து ஒரு விளக்கு வைத்து எடுத்தால் போதுமான அளவு ஏமாற்றும். விக்கில் நுரை படாமல் பாருங்கள். தெர்மகோல் உருண்டை வேண்டவே வேண்டாம், கூட்டி அள்ளி முடியாது. என்னைக் கேட்டால் செட்டே தேவையில்லை. ஜனவரி விடியற்காலை மூடுபனியில் காலனிப் பார்க்கில் சீரியல் லைட்டோடு நில்லுங்கள். புராதனக் கல்லறைப் பக்கம் ட்ரைபாட் விரித்தால் மட்டும் தொல்லியல் துறை அனுமதி கேட்பார்கள்.

கேள்வி: என் பெண்ணும் இப்படி ஒரு கூட்டத்தோடு சோலங் போகிறேன் என்கிறாள். விடலாமா மேடம்?
- ஓர் அம்மா, மயூர் விகார்

பதில்: விடுங்கள், ஆனால் காஸ்ப்ளே போடாத ஒரு ஆள் கட்டாயம் கூடப் போகட்டும். எல்லோரும் வேஷம் கட்டினால் ஸ்வெட்டரும் ஃப்ளாஸ்கும் தூக்க ஆள் இருக்காது. பனி அதிகமானால் சோலங் சாலையில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை மட்டுமே மேலே விடுவார்கள், வண்டி பேசும்போதே இதைக் கேட்டுக்கொள்ளட்டும். ரப்பர் பூட்ஸ் வழியிலுள்ள கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். விரல் மரத்துப்போகிறது என்று யார் சொன்னாலும் ஷூட்டை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். யாருடைய அம்மா கொடுத்த காசு என்றெல்லாம் அப்போது கணக்குப் பார்க்கக் கூடாது.