புளூரோனிக் கரைசலுக்குள் என்ன இருக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, புளூரோனிக் எப்127 பாலிமரை 20 சதவீதம் நீரில் கரைத்தேன். குளிர்பெட்டியில் தண்ணீராக ஓடுகிறது. வெளியே வைத்தால் கெட்டியாகிறது. தலைகீழாக இருக்கிறதே?

பதில்: இந்தச் சங்கிலியின் நடுத்துண்டு பாலிபுரொப்பிலீன் ஆக்சைடு, இரு முனைகளும் பாலிஎத்திலீன் ஆக்சைடு. குளிரில் நடுத்துண்டும் நீரோடு ஒத்துப்போகும். சூடு ஏறியதும் நீரை விட்டு விலகி, தன் இனத்தோடு கூடி மைசெல்லின் (பல சங்கிலிகள் கூடிய நுண் உருண்டையின்) கரு ஆகிறது. முனைகள் வெளியே தோகையாக விரிகின்றன. மைசெல்கள் நகர இடமில்லாமல் நெருங்கி, படிகம்போல் அடுக்கிக்கொள்கின்றன. நீர் உறையவில்லை, மைசெல்கள்தான் பூட்டிக்கொண்டன.

கேள்வி: கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் (கரைசலின் மெல்லிய படலத்தை நொடியில் உறையவைத்துப் பார்க்கும் முறை) தெரியும் உருண்டை, ஒளிச்சிதறல் காட்டும் அளவைவிடச் சிறியது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். படத்தில் கறுப்பாகத் தெரிவது கரு மட்டும். நீரில் ஊறிய தோகை, சுற்றியுள்ள கண்ணாடிப் பனியோடு (படிகமாகாமல் உறைந்த நீரோடு) கலந்து மறைந்துவிடுகிறது. ஒளிச்சிதறல் தோகையோடு சேர்ந்து நகரும் முழு உருண்டையை அளக்கிறது. அதைவிட எனக்குக் கவலை வேறு: கரைசலைப் படலமாக்க உறிஞ்சுதாளால் ஒற்றியபோது வெப்பநிலையும் ஈரப்பதமும் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தனவா? சுமார் 100 நானோமீட்டர் படலத்திலிருந்து நீர் ஆவியானால் சூடு இறங்கும், செறிவு ஏறும். இந்தப் பாலிமருக்கு அதுவே போதும். உறையவைக்கும் திரவ ஈத்தேனில் மூழ்குவதற்கு முன்பே அமைப்பு மாறிவிடும். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கட்டுப்படுத்தும் கூண்டு இல்லாமல் எடுத்த படத்தை நான் ஏற்பதில்லை.

கேள்வி: ஜெல்லை மெல்லிய படலமாக்கவே முடியவில்லை.

பதில்: வற்புறுத்தாதீர்கள், ஒற்றும் விசையே அடுக்கைக் கலைத்துவிடும். சிறுகோண எக்ஸ் கதிர் சிதறலுக்குப் போங்கள்; ஜெல்லில் பட்டுச் சிதறும் கதிரின் சிகரங்கள் அடுக்கைக் காட்டும். சிகரங்களின் இடங்கள் 1 : √2 : √3 என்ற விகிதத்தில் வந்தால் உடல்மையக் கனசதுரம் (மூலைகளோடு நடுவிலும் ஓர் உருண்டை உள்ள அடுக்கு) என்று உடனே எழுதிவிடுவார்கள். எளிய கனசதுரமும் (மூலைகளில் மட்டும் உருண்டை) அப்படித்தான் தொடங்கும்! √7 இடத்தில் சிகரம் இருந்தால்தான் உடல்மையம் உறுதி. முதல் சிகரம் 0.4 என்று (நானோமீட்டரின் தலைகீழ் அலகில்) வந்தால், 6.28-ஐ (2π) அதால் வகுங்கள்: தள இடைவெளி சுமார் 16 நானோமீட்டர்.

கேள்வி: அப்படியானால் நியூட்ரான் சிதறல் எதற்கு?

பதில்: தோகையைப் பார்க்க. எக்ஸ் கதிருக்கு ஹைட்ரஜனும் டியூட்டீரியமும் (கன ஹைட்ரஜனும்) ஒன்றே. நியூட்ரானுக்கு அவற்றின் சிதறல் நீளம் (அணு நியூட்ரானைச் சிதறடிக்கும் வலிமையின் அளவு) முறையே −3.74, +6.67 பெம்டோமீட்டர். ஒரு துண்டை டியூட்டீரியமாக்கி, நீரையும் கனநீரையும் (டியூட்டீரியம் கொண்ட நீர்) தக்க விகிதத்தில் கலந்தால் கருவையோ தோகையையோ மறைத்துவிடலாம். மும்பை டிராம்பேயில் உள்ள துருவா ஆராய்ச்சி அணு உலையில் இதற்கான கருவி உள்ளது. போகும்முன் ஒன்று: கனநீரின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் அதிகம். அதே எடைச் சதவீதத்தில் கரைத்தால் கனஅளவுச் செறிவு மாறி, எக்ஸ் கதிர் முடிவோடு ஒப்பிட முடியாமல் போகும்.