வீட்டு நாய்க்குத் தினமும் இட்லி, தயிர்சாதம், பிஸ்கட் போடலாமா? மாவுச்சத்து நாய்க்கு ஆகாது என்கிறார்களே, உண்மையா?

நன்றாக வெந்த சோற்றை ஆரோக்கியமான வளர்ந்த நாய் எளிதாகச் செரித்துவிடும். அது விஷம் இல்லை. ஆனால் காலையில் இட்லி, மதியமும் இரவும் தயிர்சாதம், நடுநடுவே பிஸ்கட் என்றே மாதக்கணக்கில் ஓடினால், வயிறு நிறைந்திருந்தும் அந்த நாயின் உடம்பு புரதத்துக்கும் சுண்ணாம்புச்சத்துக்கும் துத்தநாகத்துக்கும் ஏங்கிக்கொண்டிருக்கும்.

"நாய் ஓநாயின் வம்சம், அதனால் இறைச்சி மட்டும்தான்" என்ற வாதத்தை முதலில் பார்த்துவிடலாம். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதியைக் கணையம் சுரக்கிறது. 2013-ல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓநாய்களின் மரபணுக்களையும் நாய்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டு 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த அமைலேஸ் மரபணு ஓநாய்க்கு 2 பிரதிகள்தான். நாய்களுக்கோ 4 முதல் 30 வரை; பிரதிகள் கூடக்கூட நொதியும் கூடுதலாகச் சுரக்கும். மனிதரோடு ஒட்டி வாழ்ந்து, அவர்கள் போட்டதைத் தின்று வந்ததில் நாயின் செரிமானமே மாறியிருக்கிறது. எல்லா இனமும் ஒன்றுபோல் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சைபீரியன் ஹஸ்கி, ஆஸ்திரேலியாவின் டிங்கோ போன்றவற்றுக்குப் பிரதிகள் குறைவு. ஹஸ்கி வளர்ப்பவர்கள் சோற்றின் அளவில் இன்னும் கவனமாக இருப்பது நல்லது.

இதில் 'வெந்த' என்ற சொல் முக்கியம். நமக்கு எச்சிலிலேயே மாவுச்சத்தின் செரிமானம் தொடங்கிவிடும். நாயின் எச்சிலில் அமைலேஸ் கிட்டத்தட்ட இல்லை. அது மெல்லாமல் விழுங்கவும் செய்கிறது. நமக்குப் பிடித்த உதிரி உதிரியான சோறு அதற்கு வேண்டாம். விரலால் அழுத்தினால் மசிகிற அளவுக்குக் குழைய வேக வையுங்கள். மலத்தில் முழுப் பருக்கை தெரிந்தால் சோறு வேகவில்லை அல்லது அளவு அதிகம். இட்லி, தோசை மாவைப் பச்சையாக நக்க விடாதீர்கள். உள்ளே போயும் புளித்து வாயு கட்டும். பச்சை மரவள்ளியில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது, முளைவிட்ட அல்லது பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கில் சோலனின் என்ற நச்சு இருக்கிறது. இரண்டுமே கூடாது. தோலுரித்து நன்றாக வேக வைத்த கிழங்கு, உப்பும் மசாலாவும் இல்லாமல், கொஞ்சமாகக் கொடுத்தால் தவறில்லை.

இப்போது தயிர்சாதத்தின் கணக்கு. 10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 630 கலோரி வேண்டும். அதை 400 கிராம் சோறும் 180 கிராம் தயிரும் தந்துவிடும். கூடவே கிடைக்கும் புரதம் 17 கிராம்தான். அமெரிக்காவில் நாய் உணவுக்கான குறைந்தபட்ச அளவுகளை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் கணக்குப்படி அந்த நாய்க்கு 28 கிராம் வேண்டும். கால்சியம் சுமார் 250 மில்லிகிராம் கிடைக்கிறது, வேண்டியது ஏறக்குறைய 800. துத்தநாகம் தேவையில் நான்கில் ஒரு பங்குதான். தோலுக்கும் முடிக்கும் வேண்டிய லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்புச்சத்து பெயருக்குத்தான் இருக்கிறது. தயிரைக் கூட்டி ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கலோரிதான் ஏறும், துத்தநாகக் குறை அப்படியே நிற்கும்.

இந்தக் குறை ஒரு வாரத்தில் தெரியாது. முடி பளபளப்பு இழந்து சொரசொரப்பாகும், காலம் பார்க்காமல் கொட்டும். முதுகிலும் தொடையிலும் தசை வற்றி, வயிற்றுப்பக்கம் மட்டும் பருமனாகத் தெரியும். கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் பாதத்திலும் பொருக்கு கட்டினால் துத்தநாகக் குறைவாக இருக்கலாம். தானியத்தில் உள்ள பைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேர விடாது என்பதால், தானியம் மிகுந்த உணவில் இது வருகிறது. மருந்துக் கடையில் ஏதாவது ஒரு களிம்பை வாங்கித் தடவி மாதங்களைக் கடத்தாமல், கால்நடை மருத்துவரிடம் போகும்போது என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு சாப்பிடுகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

குட்டிகள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வளரும் குட்டிக்குச் சோற்றை முதன்மை உணவாக வைக்காதீர்கள். அதன் கால்சியம் தேவை, ஒரே கலோரி அளவுக்குப் பார்த்தால், பெரிய நாயினுடையதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். "சிக்கனும் சேர்த்துத்தானே போடுகிறோம்" என்பார்கள். எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு, சோறும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் உடம்பு ரத்தத்தில் கால்சியத்தைச் சரிகட்ட எலும்பைக் கரைத்து எடுக்கும். முன்னங்கால் வில்லாக வளையும், குட்டி நடக்கவே வலியில் தயங்கும், சோபாவிலிருந்து குதித்ததற்கே எலும்பு முறியும். இது முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடியது என்பதுதான் மனதை வருத்துகிறது. குட்டிகளுக்கென்று தயாரித்த முழுச் சத்துள்ள உணவைக் கொடுங்கள். அதைக் கொடுக்கும்போது கால்சியம் சிரப்பைத் தனியாக ஊற்றாதீர்கள். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனக் குட்டிகளுக்குக் கூடுதல் கால்சியமும் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும்.

நாய்க்குச் சர்க்கரை நோய் வருவது பெரும்பாலும் கணையம் இன்சுலின் சுரக்காமல் போவதால். சோறு தின்றதால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. வந்த பிறகு மாவுச்சத்தின் அளவும் நேரமும் இன்சுலின் ஊசியோடு பொருந்த வேண்டும், அதை மருத்துவர் சொல்கிறபடி செய்யுங்கள். உணவு ஒவ்வாமையும் அப்படித்தான்: நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை. அரிசியால் ஒவ்வாமை வருவது அரிது. தயிர்சாதம் சாப்பிட்டு அரிப்பு வந்தால் சோற்றுக்கு முன் தயிரைச் சந்தேகியுங்கள். தானியமே இல்லாத உணவுதான் உயர்ந்தது என்ற விளம்பரத்தையும் நம்பிவிட வேண்டாம். பட்டாணி, பருப்பு வகைகள், உருளைக்கிழங்கு மிகுந்த அத்தகைய உணவுகளுக்கும் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-ல் ஆராயத் தொடங்கியது. அதுதான் காரணம் என்று உறுதிப்படவில்லை. ஆனால் அரிசியை நீக்கினாலே நல்ல உணவாகிவிடாது என்பதற்கு இதுவே போதும்.

நம் வீடுகளில் சோற்றைவிடப் பெரிய ஆபத்து அதன் மேல் ஊற்றுவது. சாம்பாரிலும் குழம்பிலும் வெங்காயம், பூண்டு இருக்கும். அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே பாதிப்பு தொடங்கலாம். பூண்டுக்கு இன்னும் குறைவான அளவே போதும். வேக வைத்தாலும் அந்த நச்சு போகாது. பாதிப்பு சில நாள் கழித்துத்தான் தெரியும்: ஈறு வெளுக்கும், சிறுநீர் அடர்நிறமாகும், நாய் சோர்ந்து படுக்கும். அடுத்தது புளி. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி; அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அண்மை ஆண்டுகளில் கருதுகிறார்கள். புளியிலும் அந்த அமிலம் நிறைய உண்டு. புளியைத் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதித்த நிகழ்வுகள் 2022-ல் ஆய்விதழில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே புளிசாதம், ரசம் சாதம், வத்தக்குழம்பு சாதம் வேண்டாம். பாயசம், கேசரி, சர்க்கரைப் பொங்கலில் கிடக்கும் உலர்திராட்சையும் அதே ரகம்தான். எத்தனை தின்றால் ஆபத்து என்று நாய்க்கு நாய் மாறுவதால், ஒன்றிரண்டு தின்றிருந்தாலும் உடனே மருத்துவரை அழையுங்கள். பிரியாணியில் இவற்றோடு எண்ணெயும் சமைத்த எலும்பும் சேர்கின்றன. எண்ணெய் மிகுந்த உணவு கணைய அழற்சியைக் கிளப்பலாம், எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தலாம்.

மதியம் வடித்த சோறு இரவு வரை அடுப்பு மேடையிலேயே கிடந்தால் அதைப் போட வேண்டாம். பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாகாமல் இருந்து, வெதுவெதுப்பில் பெருகி நச்சு உண்டாக்கும்; மீண்டும் சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

பிஸ்கட், பொறை, பரோட்டா இதற்கெல்லாம் ஒரே அளவுகோல்: முக்கிய உணவுக்கு வெளியே கொடுப்பது எல்லாம் சேர்த்து நாளின் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 10 கிலோ நாய்க்கு அது 63 கலோரி. ஒரு சின்ன இட்லி, அல்லது பாதிச் சப்பாத்தி, அல்லது 50 கிராம் சோறு, அல்லது மூன்று குளுக்கோஸ் பிஸ்கட். இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும். ஒரு முழுப் பரோட்டா சுமார் 300 கலோரி, அதாவது நாளில் பாதி. அதன் எண்ணெயையும் மைதாவையும் நினைத்தால் துண்டுகூடக் கொடுக்க வேண்டியதில்லை. 'சர்க்கரை இல்லாதது' என்று எழுதியிருக்கும் பிஸ்கட்டில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் உயிருக்கே ஆபத்து.

சரி, என்ன செய்வது? எளிய வழி: கலோரியில் 90 சதவீதத்தை முழுச் சத்துள்ள நாய் உணவாலும் மீதியை மேலே சொன்னபடி சோறு, இட்லியாலும் நிரப்புங்கள். பையின் மேல் 'முழுமையான, சமச்சீரான உணவு' என்ற குறிப்பும், எந்த வயதுக்கு என்பதும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 10 கிலோ நாய்க்கு, 100 கிராமில் 360 கலோரி உள்ள உணவானால், நாளைக்குச் சுமார் 155 கிராம். கப்பால் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்துக் கொடுங்கள்.

வீட்டுச் சமையல்தான் என்றால் அதே நாய்க்கு ஒரு நாளைக்கு: குழைய வெந்த சோறு 200 கிராம், தோலும் எலும்பும் நீக்கி வேக வைத்த கோழி நெஞ்சுக்கறி 130 கிராம், வேக வைத்த முட்டை 1, பூசணி அல்லது கேரட், பீன்ஸ் 60 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 1 டீஸ்பூன், முட்டை ஓட்டுப் பொடி அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக. ஓட்டைக் கழுவி, 10 நிமிடம் கொதிக்க வைத்து, நன்றாக உலர்த்தி, மிக்சியில் மாவுபோல் அரைக்க வேண்டும். கரகரப்பாக இருந்தால் சரியாகக் கரையாது. வாரத்தில் ஓரிரு நாள் கோழிக்குப் பதில் முள் எடுத்த மத்தி மீன் வைத்தால் வைட்டமின் டி கிடைக்கும். இவ்வளவு செய்தும் துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் ஈ குறையும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டபோது, 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. எனவே இந்தக் குறிப்பைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அதற்கேற்ற தாது, வைட்டமின் கலவையை எழுதி வாங்கிய பிறகே நிரந்தரமாக்குங்கள். சைவ வீடு என்றால் முட்டையும் பனீரும் உதவும், ஆனால் அங்கே இந்தக் கலவை இன்னும் அவசியம்.

சோறே நல்லது என்கிற சந்தர்ப்பமும் உண்டு. லேசான வயிற்றுப்போக்கு, ஆனால் நாய் சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால், 2 பங்கு குழைந்த சோறும் 1 பங்கு உப்பில்லாமல் வேக வைத்த கோழியும் நான்கைந்து வேளையாகப் பிரித்து மூன்று நாள் கொடுக்கலாம். மலத்தில் ரத்தம், தொடர் வாந்தி, தண்ணீர்கூடக் குடிக்காமை, தடுப்பூசி போடாத குட்டி, இதில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. குடலைத் தாக்கும் கொடிய பார்வோ வைரஸாக இருக்கலாம்.

உணவை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் இரண்டு நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால், ஏழாம் நாளிலிருந்து முழுதும். தயிர்சாதத்துக்குப் பழகிய நாய் முதலில் தட்டை முகர்ந்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். 20 நிமிடம் வைத்து, தின்னாவிட்டால் எடுத்துவிட்டு அடுத்த வேளைக்கு மீண்டும் வையுங்கள். உடல்நலமுள்ள வளர்ந்த நாய் ஒரு வேளை விட்டால் ஒன்றும் ஆகாது. குட்டிக்கும் சர்க்கரை நோயுள்ள நாய்க்கும் மட்டும் இப்படிச் செய்ய வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு கைக்குத் தட்டுப்பட்டு, மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிந்தால் அளவு சரி. விலாவைத் தேட வேண்டியிருந்தால் முதலில் பிஸ்கட்டை நிறுத்துங்கள், பிறகு சோற்றைக் குறையுங்கள், கறியில் கை வைக்காதீர்கள்.