எடின்பரோவில் படிக்கிறேன். நண்பர்களோடு செயின்ட் ஆண்ட்ரூஸ் சுற்றிப்பார்க்க ஒரு நாள் போதுமா? எதைத் தவறவிடக் கூடாது?

போதும், ஆனால் அது முழு நாளாக இருக்க வேண்டும். நான் எம்.எஸ்சி. படித்தபோது, 2018 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 22 பேர் சேர்ந்து கோச் பிடித்துப் போனோம். கோச் வந்ததே 50 நிமிடம் தாமதம், அதோடு சாயங்காலம் ஐந்துக்குக் கிளம்பியே ஆகணும் என்று டிரைவர் கறாராகச் சொல்லிவிட்டார், கடைசியில் பாதி ஊரை ஓட்டமும் நடையுமாகத்தான் பார்த்தோம். அந்த ஊருக்கு ரயில் கிடையாது, 1969-லேயே பாதையை மூடிவிட்டார்கள். லூக்கர்ஸ் நிலையத்தில் இறங்கி 10 நிமிட பஸ். உங்களுக்கு 22 வயது ஆகவில்லையென்றால் ஸ்காட்லாந்தில் பஸ் இலவசம், அதற்கான கார்டை முதலில் வாங்கிவிடுங்கள்.

தவறவிடக் கூடாதது என்று ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், கோட்டைக்கு அடியில் இருக்கும் சுரங்கம். மேலே கோட்டை என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, கடலோரம் இடிந்த சுவர்கள்தான். கதை என்னவென்றால், 1546 மார்ச்சில் ஜார்ஜ் விஷார்ட் என்ற புராட்டஸ்டன்ட் போதகரைக் கத்தோலிக்கத் தலைமைக் குருவான கார்டினல் பீட்டன் இங்கே உயிரோடு எரிக்க வைத்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, கொத்தனார் வேஷத்தில் உள்ளே புகுந்தவர்கள் கார்டினலைக் கொன்று உடலை வெளியே தொங்கவிட்டுக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அரசுப் படை முற்றுகை போட்டது, சுவருக்கு அடியில் வெடி வைக்கலாம் என்று பாறையைக் குடைய ஆரம்பித்தது. உள்ளே இருந்தவர்கள் உளிச் சத்தத்தைக் காதால் கேட்டுக் கேட்டு எதிர்ச் சுரங்கம் தோண்டினார்கள். தவறான திசையில் தோண்டிப் பாதியில் விட்ட குழிகளும் அப்படியே இருக்கின்றன.

நாம் இறங்குவது இந்த எதிர்ச் சுரங்கத்தில்தான். குனிந்து போக வேண்டும், சில இடங்களில் கிட்டத்தட்டத் தவழ வேண்டும், பாறை ஈரமாக வழுக்கும், உளி பட்ட தடம் கைக்குத் தட்டுப்படும். என் முதுகுப்பை மேலே உரசி மாட்டிக்கொண்டது, எனக்கு முன்னால் போன பையன் "திரும்பிடலாமா" என்று கேட்டான், பின்னால் ஆறு பேர், எங்கே திரும்புவது? அப்படியே வளைந்து வளைந்து போய் ஒரு ஓட்டை வழியாக ஏணியில் இறங்கினால் சட்டென்று நிமிர்ந்து நிற்க முடிகிறது: அதுதான் எதிரி தோண்டியது, அகலமாக, உயரமாக, நிதானமாகச் செய்த வேலை. யார் அவசரத்தில் தோண்டினார்கள், யார் ஆற அமரத் தோண்டினார்கள் என்பதை அங்கே முதுகே சொல்லிவிடும். (1547-ல் பிரெஞ்சுக் கப்பற்படை வந்து பீரங்கியால் அடித்துத்தான் கோட்டையை மீட்டது. உள்ளே இருந்த ஜான் நாக்ஸ் என்ற புராட்டஸ்டன்ட் போதகரைப் பிடித்துப்போய்க் கப்பலில் துடுப்புப் போட வைத்தார்கள்.)

கதீட்ரல் நடந்தே போகிற தூரம். ஸ்காட்லாந்தில் கட்டியதிலேயே பெரிய தேவாலயம், 1318-ல் அரசர் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் அர்ப்பணித்தார்கள், 1559-க்குப் பிறகு பாழாகிக் கல்லையெல்லாம் ஊர்க்காரர்கள் வீடு கட்ட எடுத்துப்போய்விட்டார்கள். 33 மீட்டர் செயின்ட் ரூல் கோபுரம் திறந்திருந்தால் ஏறிவிடுங்கள்.

நார்த் ஸ்ட்ரீட்டில் தரைக் கற்களில் பி.ஹெச். என்று இரண்டு எழுத்து பதித்திருக்கும். 1528-ல் பேட்ரிக் ஹாமில்டன் என்ற புராட்டஸ்டன்ட் போதகரை எரித்த இடம். அதை மிதித்தால் டிகிரி கிடைக்காது என்று அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள், மிதித்துவிட்டால் மே 1 விடியற்காலையில் கடலில் முங்குவதுதான் பரிகாரமாம். எங்களில் ஒருவன் தெரியாமல் அதன்மேலேயே நின்று செல்ஃபி எடுத்தான். அப்புறம் அவன் டிசர்டேஷன் ஒருமுறை திருத்தச் சொல்லித் திரும்பி வந்தது. காரணம் எங்களுக்குத் தெரியும், அவனைக் கேட்டால் ஹாமில்டன் என்பான்.

நான் எதிர்பார்க்காதது சவுத் ஸ்ட்ரீட்டில் இருந்தது: "மெட்ராஸ் காலேஜ்" என்று ஒரு பள்ளிக்கூடம்! ஆண்ட்ரூ பெல் இந்த ஊர்க்காரர். 1789-ல் எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தைக் கவனிக்க வந்தவர், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, பெரிய பையன்களை வைத்துச் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே நடத்தினார். வேறொன்றுமில்லை, நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைதான். ஊர் திரும்பி அதை "மெட்ராஸ் முறை" என்று பிரிட்டன் முழுக்கப் பரப்பி, தன் பணத்தில் இந்தப் பள்ளிக்கும் வழிசெய்தார், 1833-ல் திறந்தது. 2021-ல் பள்ளி வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது, பழைய கட்டடம் சவுத் ஸ்ட்ரீட்டிலேயே நிற்கிறது. எங்கள் வழிகாட்டி இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, கோல்ஃப் பற்றி மட்டும் 40 நிமிடம் பேசினார்.

கோல்ஃப்? ஞாயிற்றுக்கிழமை போங்கள். ஊரின் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானமான ஓல்ட் கோர்ஸில் அன்று வழக்கமாக ஆட்டம் கிடையாது, யார் வேண்டுமானாலும் புல்வெளியில் நடக்கலாம், ஸ்வில்கன் பாலத்தில் நின்று போட்டோ எடுக்கலாம். பாலம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள், நம் வாய்க்கால் மதகு அளவுதான்.

சாப்பாட்டுக்கு சிப்ஸ் வாங்கினால் சுவரோரம் நின்று சாப்பிடுங்கள், கடற்காகம் கையிலிருந்தே கொத்திக்கொண்டு போகும். குடை வேண்டாம், தலைமூடி வைத்த ஜாக்கெட் போதும். கடலுக்குள் நீளும் கல் பாலத்தில் நடந்தபோது மட்டும் எங்கள் குழுவில் மூன்று குடை போயிற்று, அதில் ஒன்று நான் அன்று காலையில் வாங்கியது.