கேபின் டிராக்டரா, திறந்த டிராக்டரா? தோப்பும் வயலும் வைத்திருப்பவருக்கு

கேள்வி: மொத்தம் 18 ஏக்கர். பத்துப் பன்னிரண்டு ஏக்கரில் தானியமும் தீவனப் புல்லும், மீதியில் பழத்தோப்பு. கூடவே ஒரு மாட்டுக்கொட்டகை. பழைய டிராக்டரைக் கொடுத்துவிட்டு 50 ஹெச்.பி.யில் புதிது வாங்கப் போகிறேன். ஒரே மாடல் கேபினோடும் வருகிறது, கேபின் இல்லாமலும் வருகிறது. விலை வித்தியாசத்தில் ஒரு நல்ல ரொட்டவேட்டரே வாங்கிவிடலாம். இனி வண்டியை அதிகம் ஓட்டப்போவது என் மகன். அவன் கேபின்தான் வேண்டும் என்கிறான். எனக்கு அது ஆடம்பரமாகத் தெரிகிறது. இப்போது திறந்த வண்டியை வாங்கிவிட்டுப் பிறகு கேபின் மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: தோப்பில் மருந்தடிப்பது யார் என்று நீங்கள் எழுதவில்லை. என் பதிலில் பாதி அதைப் பொறுத்தது. டிராக்டரில் தெளிப்பானை மாட்டி உங்கள் மகனே அடிக்கிறார் என்றால் கேபின் வாங்குங்கள். ரொட்டவேட்டர் ஒரு வருடம் காத்திருக்கட்டும். மருந்தடிப்பு இல்லை, அல்லது வேறொருவர் தன் வண்டியோடு வந்து அடித்துவிட்டுப் போகிறார், உங்கள் டிராக்டர் கொட்டகைக்கும் வயலுக்கும் இடையே அரைமணி, ஒரு மணி என்று ஓடுவதுதான் அதிகம் என்றால் நீங்கள் சொல்வதே சரி.

கேபினை ஆடம்பரம் என்பவர்கள் பெரும்பாலும் ஏசியை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். குளிர்ச்சி ஒரு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கேபின் செய்கிற பெரிய வேலைகள் வேறு. ஓட்டுபவர் எந்தக் காற்றை மூச்சில் இழுக்கிறார், அவர் காதுக்கு எவ்வளவு சத்தம் போகிறது என்பதை அது மாற்றுகிறது.

காற்றை முதலில் பார்ப்போம். வயலில் பூம் தெளிப்பான் மருந்தை மேலிருந்து கீழே விடும்; காற்றுத் திசை பார்த்து ஓட்டினால் ஓட்டுபவர் மேல் படுவது குறைவு. தோப்பில் அப்படி இல்லை. பின்னால் இருக்கும் விசிறி மருந்தை மரத்தின் உச்சிவரை பீய்ச்சி அடிக்கிறது. அந்தத் துளிகள் இலையில் மோதி மிதந்து வரும் புகைமூட்டத்துக்குள்தான் டிராக்டர் போய்க்கொண்டிருக்கும். வரிசை முடிந்து திரும்பும்போது, சற்றுமுன் தானே அடித்த மருந்துக்குள் ஓட்டுபவர் மறுபடியும் நுழைகிறார். டிராக்டர் வேலைகளில் உடம்புக்கு மோசமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் எல்லாக் கேபினும் இதைத் தடுக்காது. ஷோரூமில் யாரும் தானாக எடுத்துச் சொல்லாத விஷயம் இது. இ.என். 15695 என்ற ஐரோப்பியத் தரம் கேபின்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில் பாதுகாப்பு என்று எதுவும் இல்லை. இரண்டாவது தூசியை மட்டும் தடுக்கும். மூன்றாவது தூசியோடு மருந்தின் நுண்துளிகளையும் தடுக்கும். நான்காவதுதான் ஆவியையும் சேர்த்துத் தடுப்பது. அதற்குக் கரி ஃபில்டர் வேண்டும். மூன்றிலும் நான்கிலும் கேபினுக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைந்தது 20 பாஸ்கல் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் இண்டு இடுக்கு வழியே காற்று உள்ளிருந்து வெளியே போகுமே தவிர, வெளியிலிருந்து உள்ளே வராது. சாதாரண காகித ஃபில்டர் போட்ட ஏசி கேபினில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மருந்து வாடை வரவில்லை என்று நிம்மதியாக இருப்பது ஏமாற்றம். வாடை வராததாலேயே முகமூடியையும் கழற்றிவிடுவார்கள். ஆகவே விற்பவரிடம், "இது எந்த வகைக் கேபின், எழுத்தில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். முதல் இரண்டு வகை என்றால், தோப்பு மருந்தைப் பொறுத்தவரை உங்கள் பணத்துக்குக் கிடைப்பது நிழல் மட்டும்தான்.

நல்ல கேபின் வாங்கினாலும் சில பழக்கங்கள் தேவை. மருந்தடிக்கும்போது காற்று வெளியிலிருந்து ஃபில்டர் வழியே வரும்படி வைக்க வேண்டும். உள்காற்றையே சுழலவிட்டால் அந்த அழுத்தம் நிற்காது. கரி ஃபில்டரை மருந்தடிக்கும் நாட்களில் மட்டும் மாட்டி, மற்ற நாட்களில் காற்றுப் புகாத பையில் வைத்தால் கூடுதல் நாள் உழைக்கும். தெளிப்பான் முனை அடைத்துக்கொண்டதென்று கீழே இறங்கிச் சரிசெய்துவிட்டு, அதே கையுறையோடும் மேலங்கியோடும் உள்ளே வந்து உட்கார்ந்தால் சீட்டும் ஸ்டியரிங்கும் மருந்தாகிவிடும். மறுநாள் மருந்தடிக்காமல் சும்மா ஓட்டுபவருக்கும் அது ஒட்டும். கையுறையையும் மேலங்கியையும் வெளியிலேயே ஒரு பெட்டியில் போட வேண்டும்.

மருந்து தவிர, காய்ந்த மண்ணில் ரொட்டவேட்டர் ஓட்டும்போது எழும் தூசி, பூசணம் பிடித்த வைக்கோலைக் கிளறும்போது பறக்கும் தூள், இரண்டும் நுரையீரலுக்கு ஆகாதவை. பூசண வைக்கோலால் வரும் நுரையீரல் அழற்சிக்கு விவசாயி நுரையீரல் என்றே மருத்துவத்தில் பெயர் உண்டு. வீட்டில் ஓட்டுபவர்களில் யாருக்காவது இளைப்போ தூசி ஒவ்வாமையோ இருந்தால், மருந்தடிப்பு இல்லாவிட்டாலும் என் பதில் கேபின் பக்கம் சாயும்.

அடுத்தது சத்தம். திறந்த டிராக்டரில் முழு லோடில் உழும்போது ஓட்டுபவர் காதருகே 90 முதல் 100 டெசிபல் வரை வருவது சகஜம். நவீன கேபினில் அது 70, 80க்குள் அடங்கும். டெசிபல் கணக்கு கொஞ்சம் வில்லங்கமானது. அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில்சார் உடல்நல நிறுவனம் 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரத்தை வரம்பாகப் பரிந்துரைக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு ஒரே மணி, 100க்கு 15 நிமிடம். அதாவது காலை உழவு முடிவதற்கு முன்பே அன்றைய பங்கு தீர்ந்துவிடும். போன காது திரும்பாது. ஆனால் கேபின் இல்லாமலே இதைச் சமாளிக்க வழி இருக்கிறது: காதுமூடி. மலிவானது, நன்றாக வேலை செய்யும், மாட்டிக்கொண்டால். சத்தத்துக்காக மட்டும் கேபின் வாங்கு என்று யாருக்கும் சொல்லமாட்டேன்.

முதுகுவலிக்கும் கேபினுக்கும் பலர் நினைக்கும் அளவுக்குத் தொடர்பில்லை. குலுங்கலைக் குறைப்பது சீட்டும் டயர் காற்றும் ஓட்டும் வேகமும். சஸ்பென்ஷன் உள்ள நல்ல சீட்டைத் திறந்த வண்டியிலும் போடலாம். கேபினுக்கே சஸ்பென்ஷன் என்பது பெரும்பாலும் பெரிய வண்டிகளில் வருவது.

சரி, இனி உங்கள் கட்சி. கொட்டகை வேலை என்பது ஏறுவது, இறங்குவது, கேட்டைத் திறப்பது, பின்னால் எட்டிப் பார்த்து டிரெய்லரை மாட்டுவது. இதற்கெல்லாம் திறந்த வண்டிதான் சுகம். கலப்பை எவ்வளவு ஆழம் போகிறது, பின்னால் மாட்டிய கருவியைச் சுழற்றும் தண்டான பி.டி.ஓ.வில் ஏதாவது உரசுகிறதா என்பதைக் கண்ணும் காதும் நேராகச் சொல்லும். கேபினில் கண்ணாடிமேல் தூசி படியும், தூண்கள் பார்வையை மறைக்கும், வித்தியாசமான சத்தம் தாமதமாகத்தான் காதுக்கு வரும். லோடர் மாட்டுவதாக இருந்தால் மேலே தூக்கிய வாளி கூரைக்கு மேல் மறைகிறதா என்றும் பாருங்கள்.

பராமரிப்பும் கூடும். ஏசி கண்டென்சரில் தூசியும் பதரும் அடைத்துக்கொள்ளும். தூசி வேலை நாட்களில் தினமும் ஊத வேண்டியிருக்கும். கம்ப்ரசர், பெல்ட், கதவு ரப்பர், வயரிங் என்று பழுதாக இன்னும் நாலு இடம் சேர்கிறது. புல்வெட்டி எறியும் கல்லில் பின்கண்ணாடி உடைவது அபூர்வமல்ல. ஏசி பழுதான கேபின், வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் மாதிரிதான். பக்கத்துக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் திறக்க முடிகிற மாடலாகப் பாருங்கள். கம்ப்ரசர் என்ஜினிலிருந்து சில ஹெச்.பி.யைத் தின்னும். 50 ஹெச்.பி.யில் அது பெரிதாகத் தெரியாது, 25இல் தெரியும். மறுவிற்பனையில் கேபினுக்குக் கொடுத்ததில் ஒரு பகுதி திரும்ப வரும், முழுதும் வராது.

ஆனால் உங்கள் விஷயத்தில் கேபினுக்கு உண்மையான எதிரி மரக்கிளைதான். மருந்தடிக்க எங்கே கேபின் அவசியமோ அங்கேதான் அது நுழையச் சிரமப்படுகிறது. ஆகவே முடிவெடுப்பதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போங்கள். காய் சுமந்து கிளை தாழ்ந்திருக்கும் பருவத்தில் அளப்பது நல்லது. வரிசைகளுக்கு நடுவே எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் இருக்கிறது? கொட்டகைக் கதவின் உயரம் என்ன? மாடலின் உயரத்தைக் கேட்கும்போது, வாங்கப்போகிற டயர் அளவோடு, கூரைமேல் இருக்கும் விளக்கு, புகைக்குழாய் எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். தோப்புக்கென்றே குறுகலாகவும் தாழ்வாகவும் செய்த டிராக்டர்களும் உண்டு, அதே ஹெச்.பி.யில் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கீழ்க்கிளைகளைக் கழித்துச் சரிசெய்துவிடக்கூடிய தோப்பு என்றால் பிரச்சினை பாதி தீர்ந்தது.

எதை வாங்கினாலும் விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்று உண்டு: வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம், அதாவது ரோல் பார். ஸ்வீடன் 1959லேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்பது அதன்பின் பெருமளவு குறைந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் கேபின்களில் இந்தச் சட்டகம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். இருந்தாலும் சோதனை சான்றுத் தகடு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். திறந்த வண்டியில் நான்கு மெல்லிய குழாய்மேல் நிற்கும் தகரக் கூரை ரோல் பார் ஆகாது. அது வெயிலுக்கு மட்டும்.

ரோல் பாரும் சீட் பெல்ட்டும் ஒரு ஜோடி. பார் நிமிர்ந்திருந்தால் பெல்ட் போட வேண்டும், இல்லாவிட்டால் கவிழும்போது ஓட்டுபவர் அந்தப் பாரின் அடியிலேயே சிக்குவார். கிளைக்குக் கீழே போவதற்காகப் பாரை மடக்கினால் பெல்ட் போடக் கூடாது. வரிசை முடிந்ததும் பாரை நிமிர்த்திவிட வேண்டும். மடக்கியவர்கள் மடக்கியபடியே ரோட்டுக்கும் மேட்டுக்கும் போவதைத்தான் நிறையப் பார்க்கிறோம். மரக்கட்டையையோ சேற்றில் சிக்கிய வண்டியையோ இழுக்கும்போது சங்கிலியைப் பின் அச்சிலோ மேல் இணைப்பிலோ கட்டவே கூடாது, வண்டியின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில்தான் கட்ட வேண்டும். முன்சக்கரம் தூக்கிக்கொண்டு வண்டி பின்னால் புரள ஆரம்பித்தால், கிளட்சை மிதிக்க ஒரு விநாடி கூட முழுதாகக் கிடைக்காது.

பிறகு கேபின் மாட்டிக்கொள்ளலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. மாட்டலாம், ஆனால் தயாரிப்பாளரே அந்த மாடலுக்கென்று கொடுக்கும் கேபினாக இருந்தால் மட்டும். பட்டறையில் தகரம் வளைத்து, கண்ணாடி போட்டுக் கட்டுகிற கேபின் வேண்டாம். ரோல் பாரில் துளை போட்டாலும் வெல்டிங் வைத்தாலும் அதன் பலம் போய்விடும். சத்தமும் குறையாது, என்ஜின் அதிர்வில் தகரம் சேர்ந்து அதிர்ந்து இன்னும் கூடலாம். 1960களில் ஆரம்பகாலக் கேபின்களுக்கு இதே கதிதான். பிரிட்டன் 1976இல் கேபினுக்குள் 90 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்த பிறகுதான் அங்கே ரப்பர் தாங்கிகளும் உள்பஞ்சும் சரியாக வர ஆரம்பித்தன. கேன்வாஸ் துணிக் கேபின் மழைக்கும் குளிர்காற்றுக்கும் பரவாயில்லை. மருந்துக்கு அது எதுவும் செய்யாது. ஆக, கேபின் வேண்டும் என்றால் இப்போதே வாங்குவதுதான் கணக்கு.

ஷோரூமுக்கு மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். வண்டியை நிறுத்திவைத்து உட்கார்ந்து பார்ப்பது போதாது. பி.டி.ஓ.வை ஓடவிட்டு, கதவைச் சாத்தி, சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். பின்னால் திரும்பி இணைப்பு முனை தெரிகிறதா என்று பார்க்கட்டும். ஒரு கதவு மண்ணில் அடைபட்டால் வேறு எந்த வழியாக வெளியே வரலாம் என்று கேளுங்கள். இரண்டு கதவும், திறக்கும் பின்கண்ணாடியும் இருப்பது நல்லது. ஃபில்டர் எங்கே இருக்கிறது, கழற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள். கழற்றச் சிரமமான ஃபில்டரை யாரும் மாற்றமாட்டார்கள்.

டேப் அளவு ஒத்துவரவில்லை, கேபின் எந்த வகையிலும் தோப்புக்குள் போகாது என்றால், மடக்கும் ரோல் பார் உள்ள திறந்த வண்டியை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ரொட்டவேட்டருக்கு முன்னால் நல்ல சீட்டும் காதுமூடியும் வாங்கிவிடுங்கள். மருந்தடிக்க, இடுப்பில் கட்டும் பேட்டரி விசிறி ஃபில்டர் வழியே காற்றை இழுத்துக் கொடுக்கும் தலைமூடி கிடைக்கிறது; அந்த மருந்துக்கு ஏற்ற ஃபில்டரைக் கேட்டு வாங்க வேண்டும். முகத்தோடு ஒட்டும் மாஸ்க்கும் இருக்கிறது, ஆனால் தாடி இருந்தால் ஓரத்தில் காற்றுப் புகுந்துவிடும். மகன் தாடி வைத்திருந்தால் தொளதொளவென்று இருக்கும் தலைமூடி வகையையே பாருங்கள்.